பன்னிரண்டு அம்சங்களும் முப்பத்துமூன்று பெட்டிகளும்

இதனால் அகில உலகத்துக்கும், குறிப்பாக மொன்றியல் மாநகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் வாசிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடவுள் யார், மனிதன் ஏன் இப்படி இருக்கிறான், செத்த பிறகு என்ன நடக்கும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் கடந்த மார்ச் மாதம் முதலாம் ஞாயிறன்று முடிவான விடை காணப்பட்டு, ஆறடிக்கு மூன்றடி பிளாஸ்டிக் பதாகையில் அச்சிடப்பட்டு, பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் தொங்கவிடப்பட்டுள்ளது. இனிமேல் இவை பற்றி எவரும் மனதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. பார்க்க விரும்புவோர் பின்பக்கப் படியால் வரவும். முன்பக்கத்தில் மரக்கறி இறக்குவார்கள்.

மேல்மாடியில் இருந்தது நித்திய ஊற்றுச் சுவிசேஷ சபை. பதாகையின் தலைப்பு 'எமது அடிப்படை விசுவாசங்கள்'. ஆக்கியோன் பாஸ்டர் தியாகலிங்கம். காலை வணக்கம் சொல்வதற்கே மூன்று உபதலைப்புகள் எடுக்கும் மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வேதம், திரித்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல், முழுக்கு ஞானஸ்நானம் என்று எல்லாவற்றையும் பன்னிரண்டு அம்சங்களுக்குள் அடக்கியது உண்மையிலேயே அற்புதம்தான். உலக முடிவு கடைசியில் வந்தபடியால் இடம் போதாமல் சின்ன எழுத்தில் வந்திருந்தது.

கிருபானந்தன் அந்தப் பதாகையை ஞாயிறு தவறாமல் வாசித்தார். ஐம்பத்துநான்கு வயது. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்த மும்முரத்தில் தன் கலியாணத்தை எங்கேயோ வைத்து மறந்துவிட்டவர். சைவப் பிள்ளை. நெற்றியில் திருநீறு இல்லாமல் யாழ்ப்பாணத்தில் படலை தாண்டியறியாதவர். அவரைச் சபைக்குக் கொண்டு வந்தது பன்னிரண்டில் ஒரு அம்சமும் அல்ல. இடியப்பம்.

ஜனவரியில் அவருக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்யும் சிஸ்டர் இந்திராதேவி, சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி, பாஸ்டரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாஸ்டர் இருபது நிமிடம் ஜெபித்தார். போகும்போது சிஸ்டர் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. சபை உங்களைப் பாக்கும்."

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பின்னேரம் நாலு மணிக்கு, கதவு மணி அடித்தது. பிளந்த நெஞ்சோடு கிருபானந்தன் கட்டிலில் இருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக் கதவடிக்கு வருவதற்குள் ஆளில்லை. கைபிடியில் ஒரு பை. பைக்குள் நீல மூடி போட்ட பெட்டி. பெட்டிக்குள் சிவப்பரிசி இடியப்பமும் உப்பில்லாத மீன் சொதியும். அடுத்த நாள் புட்டு. அதற்கடுத்த நாள் மரக்கறி சூப். ஒரு நாளும் ஆளைக் காணவில்லை. பனிக்காலத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் நிறுத்த இடம் கிடைப்பது மோட்சம் கிடைப்பதிலும் கடினம். பாவம், சிஸ்டர்மார் தெருவில் இரண்டாம் நிரையில் காரை விட்டுவிட்டு ஓடி வந்து வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். உப்பில்லாமல் சமைக்க வேண்டும் என்பதுகூட இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஆவியானவர் சொல்லியிருப்பார்.

முப்பத்துமூன்று நாள் வந்தது. அந்த முப்பத்துமூன்று நாளும் கிருபானந்தன் சாப்பிட்டபடி அழுதார். மருந்தின் பக்கவிளைவு என்று தாதி சொன்னாள். அவருக்குத் தெரியும், அது இல்லை. முப்பது வருடம் கனடாவில் இருந்ததில், கேட்காமல் அவர் கதவுக்கு வந்தவை இரண்டே இரண்டு: வாடகைக் கூட்டல் அறிவித்தல், இந்தப் பெட்டி.

நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக, கழுவித் துடைத்த முப்பத்துமூன்று பெட்டிகளையும் மூன்று பைகளில் போட்டுச் சபைக்குக் கொண்டு போனார். குசினி மேசையில் வைத்துவிட்டு சிஸ்டர் இந்திராதேவியிடம் கைகூப்பினார்.

"சிஸ்டர், இந்த நன்றியை எப்பிடிச் சொல்றதெண்டு தெரியேல்லை."

"எனக்குச் சொல்லாதையுங்கோ அண்ணை. கர்த்தருக்குச் சொல்லுங்கோ."

பெண்கள் ஐக்கியத்தில் சிஸ்டருக்கு வலதுகையான பிரஷாந்தினியிடம் போனார். அவள் வானத்தைக் காட்டினாள். பாஸ்டரிடம் போனார். "எல்லா மகிமையும் அவருக்கே" என்று சொல்லி, அந்த மகிமையில் ஒரு சிறு பங்கு தன் முகத்திலும் தங்க விட்டார் பாஸ்டர். உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்திலும் நன்றி சொல்லப் போகிறவனுக்கு, சமைத்தது யார் என்றாவது தெரிந்திருக்கும். இங்கே தாழ்மை அவ்வளவு தடிப்பு. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை.

அதன்பிறகு கிருபானந்தன் ஞாயிறு தவறவில்லை. மூன்று தடவை சாட்சி சொன்னார். மூன்றாம் தடவை சொதியின் வாசனையை அவர் விவரித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஐந்து பேருக்குப் பசித்தது. தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். இந்த மனிதர்களின் கடவுளுக்குத் தன்னைக் கொடுப்பதைத் தவிர அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை.

பாஸ்டர் மகிழ்ந்தார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒரு அம்சமாகப் பன்னிரண்டு கிழமை வகுப்பு. முடிவில் சபையார் முன் சாட்சி. பிறகு முழுக்கு.

நாலாம் அம்சத்தில் வண்டி நின்றது. மனிதன் தன் கிரியையால், அதாவது தான் செய்த நன்மையால், மீட்கப்படுவதில்லை. கடவுளின் கிருபையால், அதுவும் இலவசமாக, மீட்கப்படுகிறான் என்பது அதன் சாரம்.

"பாஸ்டர், அப்ப அந்த இடியப்பம் கிரியையோ, கிருபையோ?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கிரியைதான். ஆனா விசுவாசத்தின்ரை கனி."

"செய்தவைக்குக் கிரியை. சரி. வாங்கித் திண்டவனுக்கு என்ன?"

"அண்ணை, நீங்கள் சாப்பாட்டிலேயே நிக்கிறியள். மேல வாங்கோ."

மேலே போக முயன்றார். முடியவில்லை. ஒன்றும் செய்யாமல் ஒருவனுக்கு ஒன்று கிடைக்கும் என்பது அவருடைய வாழ்க்கையில் நடந்தறியாத சங்கதி. நல்ல மனிதர்கள், நோயாளியைப் பார்த்தார்கள், உதவினார்கள், அது புரிந்தது. நாலாம் அம்சம் புரியவில்லை. ஆனாலும் நன்றி என்ற ஒன்று நெஞ்சில் தையல் போட்ட இடத்துக்குக் கீழே கிடந்து கனத்தது. புரியாவிட்டாலும் "ஓம்" சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். ஜூன் முதல் ஞாயிறு நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்திய வியாழன், பின்னேரம் நாலு மணிக்குக் கதவு மணி அடித்தது.

வாசலில் மேல்வீட்டு அல்போன்சம்மா நின்றார். மன்னார்க் கத்தோலிக்கர், அறுபத்துமூன்று வயது, மகள் லக்சனாவோடு மூன்றாம் மாடியில் இருப்பவர். அவருக்கும் கிருபானந்தனுக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் இருந்தது. விடிய ஐந்து மணிக்கு அல்போன்சம்மா சத்தமாகச் செபமாலை சொல்வார். ஐந்தேகாலுக்கு மிக்ஸியில் சம்பல் அரைப்பார். கிருபானந்தன் அதைப்பற்றி வீட்டு உரிமையாளருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். போனில் மொழிபெயர்த்த பிரெஞ்சில் எழுதியபடியால், தான் நினைத்ததை விட மூன்று மடங்கு கடுமையாக வந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, கோவிக்காதையுங்கோ" என்றார் அல்போன்சம்மா. "என்ரை பெட்டியளைத் தாறியளோ?"

"என்ன பெட்டி அக்கா?"

"நீல மூடிப் பெட்டி. மூண்டரை மாசம் பொறுத்துப் பாத்திட்டன். வாற கிழமை அந்தோனியார் திருநாள். கோயிலிலை சோறு பகிரோணும். வீட்டிலை ஒரு பெட்டி இல்லை."

கிருபானந்தனுக்கு முதலில் கதவுநிலை அசைந்தது போல இருந்தது. பிறகுதான் அசைந்தது தானே என்று விளங்கியது.

"அந்தச் சாப்பாடு… நீங்களோ?"

"பின்னை ஆர்? வானத்திலை இருந்தோ விழுந்தது?"

அவர் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியிருந்தார். அதைச் சொல்லாமல், அல்போன்சம்மாவை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அல்போன்சம்மா கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பிப் போகத் தயாரானவர் போல இருந்தார்.

"ஏனக்கா எனக்கு?"

"உங்களுக்கெண்டு இல்லை. லக்சனாவுக்கு ஒரு வேலை கிடைக்கோணும் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தனான். ஒரு வருத்தக்காரனுக்கு முப்பத்துமூண்டு நாள் சாப்பாடு. யேசுநாதரின்ரை வயசு. கட்டடத்திலை அப்ப வருத்தக்காரன் நீங்கள் ஒராள்தான். வேற ஆரும் படுத்திருந்தா அவருக்குக் குடுத்திருப்பன்."

"உப்பில்லாமல் எப்பிடி…"

"ஆஸ்பத்திரிக் குசினியிலை பதினாறு வருசம் நிண்டனான். பைபாஸ்காரனுக்கு உப்புப் போடுவனோ?"

"முகத்துக்கு முன்னாலை தந்திருக்கலாமே."

"வாங்கியிருப்பியளோ? கடிதம் எழுதின ஆள் நீங்கள்."

கிருபானந்தன் நிலத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு வேலை கிடைச்சுதோ?"

"ஓம். கார்டெரி ஒண்டிலை, சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை. ஒன்பதாம் நாளே கிடைச்சிட்டுது."

"ஒன்பதாம் நாளோ? அப்ப மிச்ச இருபத்துநாலு நாளும் ஏன்?"

அல்போன்சம்மா எழும்பினார். "நேர்த்தியெண்டா நேர்த்தி" என்றார். கதவடியில் நின்று, செருப்பைத் தேடுவது போலக் குனிந்து, "நீங்களும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தியள்" என்றார்.

படியேறும் சத்தம் கேட்டது. அதே சத்தம்தான். முப்பத்துமூன்று நாளும் கேட்டிருக்கிறார். இறங்கிப் போகிற சத்தம் என்று நினைத்திருந்தார்.

மறுநாள் வெள்ளி, சபையில் உபவாச ஜெபம். அது முடிந்ததும் கிருபானந்தன் நேரே குசினிக்குள் போனார். பெட்டிகள் இருந்தன. கர்த்தரின் ஊழியத்தில் இருந்தன. இரண்டில் சீனி. ஒன்றில் திருவிருந்துக் குட்டிக் கிண்ணங்கள். நாலில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் கலர் பென்சில்கள். ஒன்றில் பதாகை அடித்தபோது மிஞ்சிய ஆணிகள். அவர் ஒவ்வொன்றாகக் கொட்டிக் காலியாக்குவதைச் சிஸ்டர் இந்திராதேவி கண்டார்.

"என்னண்ணை செய்யிறியள்? அது சபைப் பெட்டியள்."

"சபைக்கு ஆர் தந்தது சிஸ்டர்?"

"நீங்கள்தானே மூண்டு பை கொண்டு வந்தனீங்கள். காணிக்கை எண்டெல்லோ நினைச்சன்."

"நீங்கள் சாப்பாடு தந்த பெட்டியைத் திருப்பித் தந்தனான்."

"நானோ? நான் பிரஷாந்தினி ஆக்கள் தந்தவை எண்டு…" சிஸ்டர் நிறுத்தினார். போனை எடுத்தார். ஜனவரியில் தானே தொடங்கிய வட்ஸ்அப் குழுமத்தைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். குழுமத்தின் பெயர் 'அன்பின் விருந்து'. 'எந்த நாள் யார் சமைக்கிறீர்கள்? பெயரைப் போடவும்' என்று அவர் கேட்டிருந்தார். கீழே கூப்பிய கைகள். ஐம்பத்தெட்டு சோடி. பெயர் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற ஐம்பத்தேழு பேரை விசுவாசித்திருந்தார்கள். பதாகையில் இல்லாத பதின்மூன்றாம் அம்சம் அது ஒன்றுதான்.

கிருபானந்தன் நடந்ததைச் சொன்னார். சிஸ்டர் இந்திராதேவி அரிசி மூட்டையில் இருந்துவிட்டார்.

"அப்ப நாங்கள் ஒராளும் ஒண்டும் செய்யேல்லை."

"ஜெபிச்சனீங்கள்தானே சிஸ்டர்."

"ஓம்" என்றார் அவர். "அதுக்குப் பெட்டி தேவையில்லைத்தானே."

பாஸ்டருக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. அவர் கிருபானந்தனைத் தனியே, பதாகைக்குக் கீழே, கூப்பிட்டு இருத்தினார். ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒட்டாவாவில் இருந்தும் பாஸ்டர்மார் வருகிறார்கள். சபையின் அன்புக்கு அண்ணையின் சாட்சிதான் அன்றைய மகுடம். நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தும் ஆகிவிட்டது.

"அண்ணை, பேரெல்லாம் சொல்லத் தேவையில்லை. 'ஒரு சகோதரி' எண்டு சொன்னாக் காணும். அந்தோனியார், நேர்த்தி, இதுகளை ஏன் உள்ளுக்கை கொண்டு வருவான்? கேக்கிற ஆக்களுக்கு இடறலாப் போகும்."

"இந்தப் பன்னிரண்டிலை பாஸ்டர், கொஞ்சம் மாத்திச் சொல்லலாம் எண்டு ஏதும் இருக்கோ? சின்ன எழுத்திலை எண்டாலும்?"

பாஸ்டர் அண்ணாந்து பதாகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பதாகையை வாசிக்கும் பாஸ்டரைக் கிருபானந்தன் பார்ப்பது அதுவே முதல் தடவை. கொஞ்சம் மனிதர் போல இருந்தார்.

"இனியும் முழுக வாறியளோ அண்ணை?" என்று கேட்டார் பாஸ்டர், மெதுவாக.

கிருபானந்தனுக்கே அது தெரியவில்லை. இடியப்பம் கொண்டு வந்து சேர்த்த இடம் இடியப்பத்தின் இடம் அல்ல என்று ஆகிவிட்டது. அப்படியானால் அந்த நன்றியை எங்கே கொண்டு போய் வைப்பது? இரவு முழுக்க யோசிப்பார் என்று பார்த்தால், மனிதர் பத்து மணிக்கே நித்திரையாகிவிட்டார். ஐந்து மணிக்கு மேலே செபமாலை தொடங்கியபோது விழித்தார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகத் தலையணையைக் காதில் அமுக்காமல், சம்பல் அரைபடும் வரை கேட்டுக்கொண்டு கிடந்தார். சிரிப்பு வந்தது. தையல் நொந்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் நாலாம் அம்சம் விளங்கியது.

ஞாயிறு ரொக்ஸ்பரோவில், சிஸ்டர் இந்திராதேவி வீட்டுப் பின்வளவில் முழுக்கு. நிலத்துக்கு மேலே நிற்கும் வட்ட நீச்சல் தொட்டி. வேலியில் பதாகை. ஒட்டாவாப் பாஸ்டர்மார் இருவர் நிழலில். முன்வரிசை மடக்குக் கதிரையில், எல்லோருக்கும் ஆச்சரியமாக, அல்போன்சம்மா. கையில் செபமாலை, மடியில் பெரிய வெற்றுப் பை. பெட்டிகளைத் தருகிறேன் என்று கிருபானந்தன்தான் சொல்லி அழைத்திருந்தார்.

வெள்ளை அங்கியில் கிருபானந்தன் தொட்டியின் ஏணியில் ஏறி நின்று சாட்சி சொன்னார்.

"சபை எனக்கு முப்பத்துமூண்டு நாள் சாப்பாடு தந்தது எண்டு மூண்டு தரம் இஞ்சை சொன்னனான். அது பிழை. தந்தது இவ. எங்கடை மேல்வீட்டு அல்போன்சம்மா அக்கா."

பின்வளவில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும், 'அப்ப நீயும் இல்லையோ?' என்ற கேள்வி மெல்ல விடிந்தது. அந்தச் சபையின் சரித்திரத்தில் அவ்வளவு ஒருமனப்பாடு அதற்கு முன் ஏற்பட்டதில்லை.

"இவவைப் பற்றி நான் வீட்டுக்காரனுக்குக் கடிதம் எழுதினனான். கூடாத கடிதம். அந்த ஆளுக்குத்தான் இவ இடியப்பம் அவிச்சது. என்னிலை அன்பு வைச்சும் இல்லை, அதையும் சொல்லிப்போட்டா. நான் கேக்கேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை. செய்ததெல்லாம் எதிராத்தான். ஆர் தந்ததெண்டுகூடத் தெரியாமல் திண்டிட்டு, நன்றியை வேற விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தனான். பாஸ்டர் நாலாவதைப் படிப்பிக்கேக்கை எனக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது. கடவுளும் இப்பிடித்தான் தருவார் எண்டா, ஓம், நான் விசுவாசிக்கிறன். மற்றப் பதினொண்டையும் அதோடை சேத்து எடுக்கிறன்."

ஒட்டாவாப் பாஸ்டர் ஒருவர் இருமினார். எல்லாக் கண்களும் பாஸ்டர் தியாகலிங்கத்திடம் போயின. அவரிடம் இருபத்தைந்து நிமிடப் பிரசங்கம் ஒன்று, மூன்று உபதலைப்புகளோடு, பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அவர் அதை வேலியோரம் வைத்தார். அல்போன்சம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரும் அவர் வானத்தைக் காட்டப் போகிறார் என்று நினைத்தார்கள்.

"அம்மா, உங்களுக்கு நன்றி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு கிருபானந்தனுக்குப் பின்னால் ஏணியால் ஏறித் தொட்டிக்குள் இறங்கி, அவர் முதுகில் ஒரு கையும், தைத்த நெஞ்சில் மிக மெதுவாக மறு கையுமாக வைத்து, முறைப்படி கேட்டு, முறைப்படி முழுக்கி எடுத்தார். தண்ணீர் குளிர். வெளியே வந்தவருக்கு மூச்சு முட்டியது. கைதட்டலும் ஸ்தோத்திரமும் கேட்டன. அவருக்கு அழுகை வந்தது; முகம் முழுக்கத் தண்ணீர் இருந்தபடியால் யாருக்கும் தெரியவில்லை. சிஸ்டர் இந்திராதேவி துவாயோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பிரஷாந்தினி, அடுத்த கிழமை அல்போன்சம்மாவின் கோயிலில் சோறு பகிர எத்தனை பேர் உதவிக்கு வேண்டும் என்று கேட்டு, இந்த முறை கூப்பிய கை போடாமல் பெயர்களை எழுதிக்கொண்டு நின்றாள். பதினொரு பெயர் வந்தது.

ஈரத் தலையோடு கிருபானந்தன் மூன்று பைகளைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

"அக்கா, நன்றி. எப்பிடிச் சொல்றதெண்டு…"

"நன்றி இருக்கட்டும். பெட்டியைக் காட்டுங்கோ."

அல்போன்சம்மா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பரலோகத்தையும் நரகத்தையும் விளக்கும் அந்தப் பதாகைக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்தார்.

ஒன்பதுக்கு மூடி இல்லை.